சாக்கில் கட்டிய ராக்கெட்டுகள்

ரப்பர் செருப்பின் குதிகாலில் இருந்து வெட்டி எடுத்த ஒரு கட்டை. அதன் நடுவில் பழைய சைக்கிள் டியூபின் வால்வு செருகியிருக்கும். தண்ணீர் பாட்டிலின் வாய்க்குள் அதை இறுக்கித் திணித்துவிட்டு, பம்பை மாட்டிக் காற்றடித்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் கட்டை பிய்த்துக்கொண்டு வரும். பாட்டில் தண்ணீரைக் கக்கியபடி மேலே போகும். முதல் நாள் அது நேராக மேலே போகவில்லை. சாய்ந்து வந்து, சத்துணவுக் கூடத்து வாசலில் சாம்பார் ருசி பார்த்துக்கொண்டிருந்த என் தோளில் இடித்தது. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிள்ளைகள் ஒருத்தர்கூட என் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் அது போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சின்ன டீச்சர் மட்டும் நனைந்த சேலையோடு ஓடிவந்தாள். "அக்கா, கோணம் தப்பாப் போச்சுக்கா. இன்னும் கொஞ்சம் நிமித்தி வெச்சிருக்கணும்." என் தோளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்களுடையது இரண்டே ஆசிரியர்கள் உள்ள தொடக்கப் பள்ளி. கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையில் இருந்து பிரிந்து இறங்கும் மண்பாதையின் முடிவில் இருக்கிறது. தலைமை ஆசிரியை நான். நாயுடுபுரத்தில் இருந்து காலையில் பஸ் பிடித்து இறங்கி வருவேன். அவள் செண்பகனூரில் அதே பஸ்ஸில் ஏறுவாள். பிள்ளைகளுக்கு நான் பெரிய டீச்சர், அவள் சின்ன டீச்சர். படிப்பவர்களில் பாதிப் பேர் பளியர் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைகள், மீதிப் பேர் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள். பதிவேட்டில் எல்லாரும் இருப்பார்கள், வகுப்பில் இருக்க மாட்டார்கள். கல்பாசியும் கடுக்காயும் எடுக்க அப்பா அம்மா காட்டுக்குள் போகும்போது பிள்ளைகளும் கூடப் போய்விடும். போனால் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. நான் வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், முட்டை போடுகிறோம் என்று ஆசை காட்டியிருக்கிறேன். வருவார்கள், முட்டையைத் தின்பார்கள், மறுநாள் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. காட்டில் அவர்களுக்குத் தெரிந்த சோலி இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

சின்ன டீச்சர் வந்த வருடம் அது மாறியது. புத்தகத்தில் விமானம், ராக்கெட் பற்றி ஒரு பாடம் இருந்தது. எல்லாரும் வாசித்துக் காட்டிவிட்டு, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லிவிட்டுத் தாண்டிப்போகும் பாடம். அவள் புத்தகத்தைத் திறக்காமல், என்னவெல்லாம் பறக்கும் என்று கேட்டாள். இருவாச்சி என்றார்கள், பறக்கும் அணில் என்றார்கள், இலவம்பஞ்சு என்றார்கள். ஒருத்தன் "எங்கப்பனுக்குக் கோபம் வந்தா சட்டி பறக்கும்" என்றான். அதையும் அவள் கரும்பலகையில் எழுதினாள். எது தானாகப் பறக்கிறது, எது காற்றில் மிதக்கிறது, எதை யாரோ எறிகிறார்கள் என்று பிரிக்கச் சொன்னாள். சட்டியில் தொடங்கிய பாடம் ராக்கெட்டுக்குப் போனது. எங்கள் ஊரில் மேகம் ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வந்து பலகையை நனைத்துவிட்டுப் போகும். சில காலைகளில் மேகம் பள்ளிக்குக் கீழே கிடக்கும். "அப்ப வானம் எங்கன டீச்சர் ஆரம்பிக்குது?" என்று நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். பத்து வருடமாக அதே மேகத்தைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவள் நான். எனக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றியதே இல்லை.

பள்ளிக்கூடம் சூரியன் என்று வைத்துக்கொண்டு, குடியிருப்புக்குப் போகும் பாதையில் கல்லுக்குக் கல் சுண்ணாம்பு அடித்து அவள் கோள்களை வைத்தாள். அந்தக் கேள்வி கேட்ட பெண்ணின் வீடு சனிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மறுநாள் அவள் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டாள். "என் வீட்டச் சனின்னு சொல்லி விட்டீங்களாமே, அது நல்லா இருக்கா டீச்சர்? ஏற்கெனவே நல்லாத்தான் வாழுறோம்." சின்ன டீச்சர் ஓடிப்போய்க் கல்லை நகர்த்தி அந்த வீட்டை வியாழனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். விஞ்ஞானம் கொஞ்சம் கோணலாகிவிட்டது. ஆனால் அந்தப் பெண் அன்றில் இருந்து ஒரு நாள் தவறாமல் வந்தாள். ராக்கெட் விடும்போது பத்தில் இருந்து பின்னால் எண்ணுவது அவள் வேலை. கடைசியில் "பூஜ்யம்" என்று அவள் கத்துவது சாலையில் போகும் பஸ்ஸுக்கே கேட்கும். பிள்ளைகள் அவளுக்குப் பூஜ்யம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சின்ன டீச்சர் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊற்றிப் பாருங்கள் என்று விட்டுவிட்டாள். தண்ணீரே இல்லாமல் விட்டால் லேசாகக் குதித்துவிட்டு விழுந்தது. நிறைய ஊற்றினால் நகரவே மறுத்தது. பூஜ்யம் அதைப் பார்த்துவிட்டு, "முழுசாக் குடிச்சவன் எந்திரிக்க மாட்டான் டீச்சர். கொஞ்சம் குடிச்சவன்தான் ஊரையே சுத்துவான்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சொன்னவள் வீட்டில் யார் குடிக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கை அந்தக் கூட்டம் தானாகக் கண்டுபிடித்தது. பின்னத்தை நான் மூன்று வருடம் போராடியும் அவர்கள் மண்டைக்குள் ஏற்ற முடிந்ததில்லை.

இனிமேல்தான் பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொடைக்கானலுக்குச் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவரக் கூடாது. செக்போஸ்ட்டில் நிறுத்திப் பார்ப்பார்கள், அபராதம் போடுவார்கள். அதனால் மலை ஏறுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? செக்போஸ்ட்டுக்கு முந்தின வளைவில் காரின் கண்ணாடியை இறக்கி, எல்லா பாட்டிலையும் பள்ளத்தில் வீசிவிட்டு, நல்ல பிள்ளைகளாகப் போய் நிற்கிறார்கள். சின்ன டீச்சரின் புருஷன் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். "அந்த வளைவு வந்ததும் நாந்தான்க்கா சத்தம் குடுக்கணும், பாட்டில் இருந்தாப் போட்டுருங்கன்னு. இல்லேன்னா வண்டிக்கு அபராதம்" என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பள்ளம் எங்கள் பள்ளிக்கு மேலேதான் இருக்கிறது. மழை பெய்தால் பாட்டில்கள் உருண்டு ஓடைக்குள் வரும். ராக்கெட்டுக்குக் கடையில் பாட்டில் வாங்க முடியாது, அங்கே விற்பதே இல்லை. எனவே சனிக்கிழமைகளில் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பள்ளத்துக்குப் போனாள். பிள்ளைகளைச் சாலைப் பக்கம் கூட்டிப்போவது சரியா என்றால், சரியில்லைதான். "ஏம்மா, யாராச்சும் ஒரு நாள் வில்லங்கம் பண்ணுவாங்க" என்று நானே சொன்னேன். "ரோட்டுக்கு ஏற மாட்டோம்க்கா, பள்ளத்தோட நின்னுக்குறோம்" என்றாள்.

ஒரு நாள் ஏறினார்கள். சாக்கு நிறைந்துவிட்டது, ஓடை வழியாக இறங்க முடியவில்லை. சாலை வழியாக நடந்து வந்தார்கள். அவள் எல்லாருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தாள். ஒரு கார் நின்றது. ஒருவர் இறங்கி வீடியோ எடுத்தார். முன்னால் சாக்கோடு நடந்த பூஜ்யத்திடம், "இதப் பொறுக்கிக் குடுத்தா எவ்வளவு தருவாங்க?" என்று கேட்டாராம். "ராக்கெட் விடுவோம்" என்று அவள் சொன்னாளாம். வீடியோவில் கேள்வி இருந்தது, பதில் இல்லை. வெட்டிவிட்டார். பழங்குடிக் குழந்தைகளைக் குப்பை பொறுக்க வைத்துச் சம்பாதிக்கும் ஆசிரியை என்று மேலே எழுதியிருந்தார். மூன்றாம் நாள் என் சொந்தக்காரர்களே எனக்கு அதை அனுப்பினார்கள். அந்த மனிதர் வீசப்பட்ட பாட்டிலைப் பார்த்தார், பொறுக்கும் பிள்ளையைப் பார்த்தார், வீசியவன் மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை. எங்கள் பிள்ளைகள் முள்ளில் கிழிந்த காலோடு காட்டில் இருந்து மூட்டை சுமந்து வரும்போது ஒரு கார்கூட நின்றதில்லை.

விசாரணைக்கு ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். கத்தாத மனிதர், மரியாதையாகவே பேசினார். வகுப்புச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த ராக்கெட்டுகளையெல்லாம் கழற்றச் சொன்னார். அட்டைச் சிறகு ஒட்டி, சாயம் அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர் எழுதியிருந்தது. தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் என்று அவற்றை ஒரு சாக்கில் போட்டு, வாயைக் கட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். பிறகு பூஜ்யத்தின் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்: "உங்க பொண்ணக் குப்பை பொறுக்க விட்டாங்களாம்மா?" அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "காட்டுல கல்பாசி பொறுக்குவா, காப்பித் தோட்டத்துல உதிர்ந்த பழம் பொறுக்குவா. அப்பெல்லாம் யாரும் வந்து கேக்கல. பள்ளிக்கூடத்துக்கு வந்து பொறுக்குனதுக்கு ஜீப்பு போட்டு வந்திருக்கீங்க." அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

சின்ன டீச்சர் விளக்கம் சொல்லிப் பார்த்தாள். காற்று அழுத்தம், எதிர்விசை, பாடத்தின் பெயர், எல்லாம் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள், "சார், ஒரே ஒரு பாட்டில் குடுங்க. விட்டுக் காட்டுறேன். பார்த்துட்டு என்ன வேணா எழுதிக்கங்க" என்று கேட்டாள். நான் இப்போதும் நினைக்கிறேன், அன்றைக்கு அவர் அதை ஒரு முறை பார்த்திருந்தால் போதும். யாராக இருந்தாலும் தலை நிமிர்ந்துவிடும், நான் நிமிர்ந்திருக்கிறேன். அவர் பார்க்க மறுக்கவில்லை. "முத்திரை வெச்சாச்சும்மா. இனிமே பிரிக்க முடியாது, அது சாட்சி" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

அப்போது பூஜ்யம் எழுந்து நின்றாள். வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்கப் பழகியிருந்த பிள்ளை, கையைத் தூக்கினாள். "சார், ஒங்க ஜீப்புல ஒண்ணு கெடக்கு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், பாதி குடித்த தண்ணீர் பாட்டில் கிடந்தது. மேலே கொண்டுவரவே கூடாத அதே பாட்டில். டிரைவர் அதைத் துண்டால் மூடினான். பிள்ளை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. டீச்சருக்கு ஒரு பாட்டில் வேண்டும், அங்கே ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான் அவளுக்கு. "தண்ணி மட்டும் கொஞ்சம் கொறைக்கணும் சார்" என்றுகூடச் சொன்னாள். அதிகாரியின் காது சிவந்தது. டிரைவரிடம், "அதையும் அந்தச் சாக்குல போடுய்யா" என்றார். சாக்குதான் முத்திரை வைத்தாயிற்றே. டிரைவர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சாக்கைச் சுற்றிச் சுற்றி வந்தான். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். சின்ன டீச்சர் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் சிரித்ததும் பிள்ளைகளும் சிரித்தார்கள். ஜீப் கிளம்பி மண்பாதையில் ஏறும்வரை அந்தச் சிரிப்பு ஓயவில்லை.

சின்ன டீச்சருக்கு வந்த மாறுதல் உத்தரவில் சிரிப்பைப் பற்றி ஒன்றும் இல்லை. நிர்வாக நலன் என்று இருந்தது. மாவட்டத்தின் மறுகோடியில், சமவெளியில் ஒரு பள்ளி. அவள் செண்பகனூர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனாள். நான் மேலிடத்துக்கு எழுதினேன், நேரில் போனேன், கத்தினேன். "பெரிய மனசு பண்ணித்தான் சஸ்பெண்ட் பண்ணாம விட்டிருக்கோம்" என்றார்கள். போன புதிதில் ஒரு நாள் போனில் கேட்டேன், அங்கே ராக்கெட் விடுகிறாயா என்று. அங்கே பாட்டிலுக்குத் தடை இல்லை, பெட்டிக்கடையில்கூடத் தொங்கும். "இல்லக்கா" என்றாள். "பாடம் மட்டும் நடத்துறேன்." தன் பாப்பா அழுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அவள் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. ஐந்து வகுப்பும் நானே பார்க்கிறேன், பார்க்கிற அளவுக்குப் பிள்ளைகளும் இல்லை. ஒவ்வொருத்தராகக் காட்டுக்குத் திரும்பினார்கள். பூஜ்யம் மட்டும் ஐந்தாம் வகுப்பில் விடாமல் வந்துகொண்டிருந்தாள். போன மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் விண்வெளி மூலை அமைக்க வேண்டுமாம். மாணவர்களுக்கு அறிவியல் மனப்பான்மையை ஊட்ட வேண்டுமாம். புகைப்படம் எடுத்து அன்று மாலைக்குள் ஏற்ற வேண்டுமாம். வாசித்ததும் கிழித்துப் போடத்தான் கை போனது. கிழிக்கவில்லை. கொடைக்கானல் கடைத்தெருவில் ராக்கெட் படம் போட்ட சார்ட்டும் தெர்மாகோல் ராக்கெட் ஒன்றும் வாங்கி, பழைய ஆணிகளிலேயே மாட்டினேன். வந்திருந்த பிள்ளைகளை முன்னால் நிறுத்தினேன். பூஜ்யம் தெர்மாகோல் ராக்கெட்டைத் தொட்டுப் பார்த்தாள். கீழே குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஓட்டை இல்லை.

"இது மேல போகுமா டீச்சர்?"

"போகாது. நேரா நில்லு, போட்டோ எடுக்கணும்."

நின்றாள். மறுநாள் மேலிடத்தில் இருந்து பாராட்டுச் செய்தி வந்தது, கைதட்டும் படத்தோடு. அன்று அவள் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் பள்ளியைப் பூட்டிவிட்டுக் குடியிருப்புக்கு நடந்தேன். அம்மாவும் மகளும் வாசலில் கல்பாசியைச் சாக்கில் பரப்பிக் குப்பை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எழுந்து எனக்கு முக்காலி போட்டாள், கடுங்காப்பி கொடுத்தாள். மகள் தலையைத் தூக்கவில்லை. விரல்கள் மட்டும் வெரசாக ஓடிக்கொண்டிருந்தன.

"நாளைக்கு வந்துரு, ஏ புள்ள" என்றேன்.

"எதுக்கு டீச்சர்?"

அவள் துடுக்காகக் கேட்கவில்லை. வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்ட அதே குரல்தான். படித்தால் வேலை கிடைக்கும், சீருடை இலவசம், முட்டை உண்டு என்று நான் சொன்னேன். எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டாள், சாக்கில் இருந்து ஒரு சுள்ளியைப் பொறுக்கி எறிந்தாள், அடுத்ததைத் தேடினாள்.