முகம் சுளிக்காத மகன்

எனக்கு வாசம் தெரியாது. நல்ல வாசமும் தெரியாது, கெட்ட நாத்தமும் தெரியாது. இதுல கொடுமை என்னன்னா, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல நான் அத்தர் கடை வச்சிருந்தேன்.

கல்ஃபுல வேலைக்குப் போற வேன் சடன் பிரேக் போட்டப்ப பின்மண்டை கம்பியில இடிச்சுச்சு. தையல் போட்டு அனுப்பிட்டாங்க. வீக்கம் வத்தின பிறகுதான் தெரிஞ்சுது, டீ வெறும் சூடா இருக்கு, பிரியாணி வெறும் காரமா இருக்கு. சில பேருக்குத் திரும்ப வரும்னாரு டாக்டர். எனக்கு வரல. தொண்ணூத்தெட்டுல சொந்த ஊரு லெப்பைக்குடிக்காட்டுக்கே திரும்பிட்டேன். அத்தா மவுத்தாகி அவரு அத்தர் கடை பூட்டிக் கெடந்துச்சு. எனக்கு வேற தொழில் தெரியாது. மூக்கு செத்தவன் அத்தர் விக்கிறான்னு தெரிஞ்சா ஊரு சும்மா விடுமா? வெக்கமா இருந்துச்சு. பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடல.

மூக்கு பாக்குற வேலையைக் கண்ணு பாத்துச்சு. வர்றவரு புறங்கையில ஒரு சொட்டுத் தடவிட்டு அவரு முகத்தையே பாப்பேன். புருவம் ஏறுனா நல்ல சரக்கு. உதட்டைப் பிதுக்குனா அடுத்த பாட்டிலை எடுப்பேன். "கொஞ்சம் பொறுத்து மோந்து பாருங்க, அடியில தேன் வாசம் ஒண்ணு வரும்"ம்பேன். அவரும் மோந்துட்டு, "ஆமாங்க, வருது"ம்பாரு. நிசமாவே வந்துச்சா, நான் சொன்னதால வந்துச்சான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. உள்ளது உள்ளபடி இருக்குறதுதான் உண்மைன்னு படிச்சவங்க சொல்லிட்டுப் போகட்டும். எனக்கு அந்த வழி அடைச்சுப்போச்சு. நாலு பேரு ஆமான்னா ஆமா, அவ்வளவுதான். ஊர்ல இருக்குறவன் மூஞ்சியெல்லாம் என் மூக்குன்னு கொஞ்சம் திமிருகூட இருந்துச்சு.

ரெண்டாயிரத்து மூணு வாக்குல அம்மாவுக்குச் செருப்புக் கடிச்சு கால் பெருவிரல்ல புண்ணு வந்துச்சு. ரொம்ப நாளா சக்கரை வேற. உள்ளூர் டாக்டர் களிம்பு குடுத்துட்டு, திருச்சிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னாரு. அம்மா மாட்டேன்னுட்டாங்க. திருச்சிக்குப் போனா காலை எடுத்துருவாங்கன்னு பயம். நானும் ஆறிடும்னுதான் நெனச்சேன். காலையிலயும் ராத்திரியும் அவங்க பாய்கிட்டயே தட்டை வச்சுச் சாப்பிடுவேன்.

அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க வாசலோட நின்னு பேசிட்டுப் போக ஆரம்பிச்சாங்க. பொண்டாட்டி பொழுதுக்கும் சாம்பிராணி போட்டா. என் தங்கச்சி ஒரு நாள் பாக்க வந்தா. வந்து உக்காந்தவ துப்பட்டியால மூக்கைப் பொத்திக்கிட்டா. எனக்கு வந்துச்சே கோவம். "பெத்த தாய்கிட்டயே மூக்கைப் பொத்துறியே, நீயெல்லாம் மகளா?"ன்னு கத்திட்டேன். அவ அழுதுக்கிட்டே போயிட்டா. கடையில மூஞ்சி பாத்துப் பொழைக்கிறவன், சொந்தத் தங்கச்சி மூஞ்சியைப் பாத்துத் திமிருன்னு முடிவு பண்ணுனேன்.

அம்மா அன்னிலேர்ந்து வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் ஒரே பேச்சு. "மகளே மூக்கைப் பொத்துறா. என் மகன் பக்கத்துல உக்காந்து சோறு திங்கிறான். ஒரு நாள் மூஞ்சி சுளிச்சிருப்பானா?" கேக்கக் கேக்க எனக்கு உச்சி குளிர்ந்துச்சு.

ஒரு நாள் தட்டைக் கொண்டுபோய் அடுப்படியில வச்சப்ப பொண்டாட்டி சொன்னா. "மாமி காலுக்கு மருந்து போட்டுட்டு நான் கொல்லையில போயி வாந்தி எடுக்குறேங்க. நீங்க எப்படித்தான் பக்கத்துல உக்காந்து சாப்பிடுறீங்களோ. திருச்சிக்குப் போலாம்னு கெஞ்சுனா, 'அழுகியிருந்தா என் மகன் கிட்ட உக்காருவானா, ஆறிக்கிட்டு வருது'ங்குறாங்க."

கை கழுவிக்கிட்டிருந்தவன் அப்படியே நின்னுட்டேன். அம்மா மூக்குக்கு அந்த நாத்தம் பழகிப்போயிருக்கு. அதனால என் மூஞ்சியை வச்சுத் தன் புண்ணைப் பாத்துக்கிட்டிருந்திருக்காங்க, நான் கடையில பண்ற மாதிரியே. அவங்க யோசனையில ஒரு தப்பும் இல்ல. நாறுனா மனுசன் வெலகுவான். மகன் வெலகல. அப்ப நாறல. எல்லாம் சரியாத்தான் இருக்கு, அதுல பொய்யா இருந்தது நான் ஒருத்தன்தான். நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

மறுநாள் கடை தொறக்கல. அம்மாகிட்ட உக்காந்து மென்னு முழுங்கிச் சொன்னேன். "அம்மா, கல்ஃபுல அடிபட்டதுலேர்ந்து எனக்கு எந்த வாசமும் தெரியாது."

"போடா, அத்தர் யாவாரி"ன்னு சிரிச்சாங்க. நான் சிரிக்கலன்னதும் "கண்ணை மூடு"ன்னாங்க. மூடுனேன். மூக்குகிட்ட எதையோ கொண்டு வந்தது மட்டும் தெரிஞ்சுது. "என்னன்னு சொல்லு."

"தெரியலம்மா. ஊதுபத்தியா?"

கண்ணைத் தொறந்தா, அவங்க கால்ல கட்டியிருந்த துணி. ஈரமா, கருப்பா இருந்துச்சு.

அம்மா அதை மெதுவா மடிச்சாங்க. நெலைப்படியில நின்ன மருமகளைப் பாத்து, "நாறுதாம்மா?"ன்னாங்க. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டே ஆமான்னா. அம்மா முழங்காலுக்குக் கீழ சேலையை இழுத்து மூடிக்கிட்டு, "வண்டி சொல்லு"ன்னாங்க. அந்த மூடுன கையைப் பாக்க முடியாம நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன்.

திருச்சியில கணுக்காலுக்கு மேல எடுத்தாங்க. முன்னாடியே வந்திருந்தா விரலோட போயிருக்கும்னாரு டாக்டர். அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டல. "மூக்கு விஷயத்தை வெளிய சொல்லாத, கடை படுத்துரும்"னு மட்டும் சொன்னாங்க. அப்புறம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே கேட்டாங்க.

"வாசம் தெரிஞ்சிருந்தா உக்காந்திருப்பியாடா?"

"உக்காந்திருப்பேம்மா." டக்குன்னு சொல்லிட்டேன்.

அம்மா என் மூஞ்சியையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "சரி"ன்னு சொல்லித் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.

நான் சொன்னது உண்மையா பொய்யான்னு எனக்கே தெரியாது. அதைச் சோதிச்சுப் பாக்க மூக்கு வேணும். அம்மா மவுத்தாகுற வரைக்கும் அதை மறுபடி கேக்கவே இல்ல. பெத்த தாயை அப்படிப் பாத்துக்கிட்ட மகன்னு ஊர்ல இன்னிக்கும் என்னைக் காட்டிப் புள்ளைங்களுக்குச் சொல்றாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்குவேன். அடக்கமான மனுசன்னு அதுக்கும் சேத்துச் சொல்றாங்க.