குணாவின் வேனில் சார்ஜ் ஏறாத ஜிபிஎஸ்

1. துண்டில் சுற்றி வந்தது

குணா அந்த ஜிபிஎஸ் செட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். துண்டைப் பிரிக்கவில்லை.

"பெரியம்மா, இது சார்ஜ் ஏறல. இத நம்பிப் போயி ஒரு ஆளு என் வேன்லயே செத்துட்டாரு."

அவனுக்குப் பின்னால் அவன் மனைவி தேவி நின்றாள். பசியாறிட்டீங்களா என்று கேட்க வாயெடுத்த நான் அதைக் கேட்கவில்லை.

எங்கள் கடை சிம்பாங் அம்பாட் டவுனில் இருக்கிறது. காருக்கு ரேடியோ, அலாரம், ரிவர்ஸ் கேமரா, ஜிபிஎஸ் எல்லாம் மாட்டிக் கொடுப்போம். ரிப்பேரும் உண்டு. ரிப்பேர் மேசை என்னுடையது. முதலாளி மணி என்னைவிட வயதில் சின்னவர். அவர் என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். சம்பளம் கொடுக்கிறவனைத் தம்பி என்று கூப்பிடுகிற ஒரே வேலையாள் நான்தான் என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் எலக்ட்ரானிக் கம்பெனியில் பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியில் பல வருஷம் ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறேன். கம்பெனி மூடிய பிறகு மணி என்னைக் கூப்பிட்டு இந்த மேசையில் உட்காரவைத்தார். செட்டின் அட்டையில் இருக்கும் இங்கிலீஷை எனக்கு வாசிக்கத் தெரியாது. மீட்டர் காட்டுவதை வாசிப்பேன். என் கையைத் தாண்டிப் போன செட்டு அதே கோளாறோடு திரும்பி வந்தது கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

2. செம்பனைக்குள்

குணா ஒரு டயாலிசிஸ் செண்டரில் வேன் ஓட்டினான். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு வரவேண்டும், ரத்தம் சுத்தம் செய்து முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடவேண்டும். புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டங்கள் அவனுக்குப் புது ரூட். அந்த ரூட்டை ஓட்டிய பழைய டிரைவர் ஓய்வுபெறும் முன் ஒவ்வொரு நோயாளி வீட்டையும் இந்தச் செட்டில் பதிந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

இந்தக் காலத்தில் போனிலேயே வழி பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்தால் போனுக்கு லைன் வராது. இந்தச் செட்டுக்கு லைன் வேண்டாம், வானம் தெரிந்தால் போதும். அதனால்தான் பழையதாக இருந்தாலும் செண்டரில் அதை வைத்திருந்தார்கள்.

பெருமாள் என்ற பெரியவர் ஒரு தோட்டத்து லயத்து வீட்டில் மகளோடு இருந்தார். அந்த வீட்டுக்குக் குணா அதுவரை போனதில்லை. முந்தின தடவை காய்ச்சல் என்று செண்டருக்கு வராமல் இருந்துவிட்டார். உடம்பில் தண்ணீர் சேர்ந்து மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு அவர் எப்படியும் போயாக வேண்டும். பாதித் தோட்டத்தில் குணாவின் செட்டு அணைந்துவிட்டது.

"நாலாப் பக்கமும் செம்பனை பெரியம்மா. எல்லா சிம்பாங்கும் ஒரே மாதிரி, எங்க திரும்பறதுன்னு தெரியல. மறுநடவுன்னு போர்டெல்லாம் வேற புடுங்கிப் போட்டுட்டானுங்க. கேக்கறதுக்கு ஒரு ஆளு இல்ல. சுத்திச் சுத்தி, எப்படியோ வீட்டக் கண்டுபுடிச்சேன். நாற்காலிய வெளிய போட்டு, பைய மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. 'வழி தெரியலயாப்பா?'ன்னுதான் கேட்டாரு. திட்டக்கூட இல்ல. பெரிய ரோடு வர்றதுக்குள்ள..."



சாவு வீட்டில் பெருமாளின் மகள் எல்லோர் முன்னாலும் ஏன் லேட் என்று அவனைக் கேட்டிருக்கிறாள். செண்டரில் கெட்டுப்போன செட்டைக் கொடுத்துவிட்டார்கள் என்று இவன் சொல்லியிருக்கிறான். பேச்சு செண்டர் மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. அந்த மேனேஜர் அம்மா இவனைக் கூப்பிட்டு, "செட்டு கெட்டிருந்தா நாங்க பொறுப்பு. நீ பாத்துக்காம விட்டிருந்தா உனக்கு இங்க வேல இல்ல. கடையில காட்டு, நானே போன் பண்ணிக் கேட்டுக்கறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்படித்தான் அவன் பிழைப்பு என் மேசைக்கு வந்தது.

3. பேட்டரிக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

சார்ஜ் ஏறவில்லை என்று வருகிறவர்கள் பேட்டரி போச்சு என்றுதான் சொல்வார்கள். பேட்டரியைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். கரண்ட் எங்கிருந்து புறப்படுகிறதோ அங்கே ஆரம்பித்து, அது வரும் வழியிலேயே நடந்து வரவேண்டும்.

மணி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, பழைய செட்டு. பேட்டரிதான்லா. ரோசாக், கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க. அவனுக்கும் வேல நிக்கும்."

"பாக்காம சொன்னா அது ஜோசியம் தம்பி. அப்புறம் நீங்க வெளிய போர்ட மாத்தி எழுதணும்."

வேனுக்குப் போனேன். டேஷ்போர்டில் சின்ன முருகன் படம், அதைச் சுற்றி மினுக்கும் விளக்கு. அந்த விளக்கும் ஜிபிஎஸ் சார்ஜரும் ஒரே லைட்டர் சாக்கெட்டிலிருந்துதான் கரண்ட் எடுத்தன. விளக்கு எரிந்தது. ஆகவே பியூஸ் நல்லது, சாக்கெட்டும் நல்லது. சார்ஜர் முனையில் ஒரு ஸ்பிரிங் இருக்கும், அது அமுங்கிப் போனால் தொடுவதுபோல் இருக்கும், தொடாது. அமுக்கிப் பார்த்தேன். துள்ளியது. ஒயர் நுனியில் மீட்டரை வைத்தேன், சரியாக ஐந்து வோல்ட் காட்டியது.

சிலர் போன் ஒயரைச் செருகிவிடுவார்கள். செட்டு கம்ப்யூட்டரில் மாட்டியதாக நினைத்துக்கொண்டு வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கும். இது செட்டோடு வந்த ஒயர்தான். கடையிலிருந்த இன்னொரு செட்டில் அதை மாட்டினேன், சார்ஜ் ஏறியது.

மேசைக்குத் திரும்பிப் பின்மூடியைக் கழற்றினேன். வெயிலில் கிடந்து கிடந்து பேட்டரி உப்பியிருக்கும் என்று நானும் நினைத்தேன். தட்டையாக இருந்தது. தனியே எடுத்து மேசைச் சார்ஜரில் போட்டேன். ஏறியது, ஏறினது இறங்காமலும் நின்றது.

வேறு ரிப்பேர் என்றால், நல்லா இருக்கு என்று சொல்லச் சொல்ல ஆள் சந்தோஷப்படுவான். இங்கே நான் ஒவ்வொன்றாக நல்லா இருக்கு என்று சொல்ல, குணாவின் முகம் இறங்கிக்கொண்டே போனது. பேட்டரிக்கும் அதையே சொன்னதும் அவன் வெளியே போய் வேன் பக்கத்தில் நின்று சிகரெட்டைப் பற்றவைத்தான்.

மீதி இருந்தது செட்டில் ஒயர் செருகும் வாய் ஒன்றுதான். அதைப் பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியில் பிடித்தேன். உள்ளே மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது. துருவில் பச்சை பார்த்திருக்கிறேன், கறுப்பு பார்த்திருக்கிறேன். மஞ்சள் பார்த்ததில்லை. பல்குத்தும் குச்சியால் சுரண்டினேன். காய்ந்த பொருக்கு விழுந்தது. அதில் ஓரமாகச் சிவப்பு. மூக்கில் வைத்துப் பார்த்தேன். பன்னீரில் குழைத்த சந்தனம்.

நிமிர்ந்தேன். தேவி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயுத பூஜைக்கு வச்சியா?" என்று கேட்டேன்.

"வேனக் கழுவி, சாவி, ஸ்டேரிங், எல்லாத்துக்கும் நான்தான் பெரியம்மா பொட்டு வச்சேன். இதுக்குக் கண்ணாடியில வச்சா கறையாயிடும்னு கவுத்துப் போட்டு அடியில வச்சேன். புது ரூட்டு, வழி காட்டுற சாமானாச்சேன்னு... கொஞ்சம் பெருசாவே வச்சேன்."

அடியில்தான் வாய் இருக்கிறது. இவன் ஒயரைச் செருகச் செருக சந்தனம் உள்ளே போயிருக்கிறது. ஈரம் இருந்தவரை அப்படி இப்படித் தொட்டு ஏதோ கொஞ்சம் சார்ஜ் ஏறியிருக்கும். காய்ந்து இறுகியதும் ஒன்றும் ஏறவில்லை. பேட்டரியில் மிச்சம் இருந்ததை வைத்துத்தான் செட்டு தோட்டத்துக்குள் பாதி தூரம் ஓடியிருக்கிறது.

"இதுனாலயா?" என்றாள்.

"இதுனாலதான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

4. அம்புக்குறி

ஸ்பிரிட்டில் பிரஷ்ஷை நனைத்து வாயைத் துடைத்தேன். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு வளைந்துவிடும். தேவி அசையாமல் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பேட்டரி கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் யார் கை பட்டது என்பதைச் சொல்வது என் வேலை இல்லை. பிரஷ்ஷைக் கீழே வைப்பதற்குள் அந்த முடிவுக்கு வந்திருந்தேன்.

குணா உள்ளே வந்தான். "என்ன பெரியம்மா?"

"வாயில அழுக்கு அடைச்சிருந்துச்சு. எடுத்துட்டேன்."

"அழுக்கா? தூசியா?"

நான் பதில் சொல்வதற்குள் தேவி பேசினாள்.

"அழுக்கு இல்லங்க. சந்தனம். நான் வச்சது."

குணா அவளைப் பார்த்தான், மேசையில் கிடந்த மஞ்சள் பொருக்கைப் பார்த்தான். கை ஓங்குவான் என்று நினைத்து நான் எழுந்துகூட விட்டேன். அவனோ வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தான்.

நான் நின்றபடியே பேட்டரியை மாட்டி, ஒயரைச் செருகினேன். சார்ஜ் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் திரையும் வந்தது. கரண்ட் போய் நின்ற செட்டு எழுந்தால், விட்ட பயணத்தைத் தானே தொடரும். கடைக்குள் வானம் தெரியாததால் கடைசியாக நின்ற இடத்தையே காட்டும். செம்பனைக்கு நடுவே ஒரு சிம்பாங். அதில் அம்புக்குறி நின்றது. அங்கிருந்து கோடு வலது பக்கம் திரும்பி, கொஞ்ச தூரத்திலேயே முடிந்தது. முடிந்த இடத்தில் பழைய டிரைவர் பதிந்த பெயர் இருந்தது.

குணா விரலால் அந்தக் கோட்டைத் தொட்டான்.

"வலது. நான் நேரா போயிட்டேன்."

அந்த நேரத்தில்தான் செண்டரிலிருந்து போன் வந்தது. மணி போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அக்கா, என்ன சொல்லட்டும்?" என்றார். அவர் கண் இன்னமும் பேட்டரி என்றுதான் கேட்டது. குணா எழுந்து அவர் கையிலிருந்து போனை வாங்கினான்.

"மேடம், குணா பேசறேன். செட்டு நல்லாத்தான் இருக்கு. பேட்டரியும் நல்லாருக்கு. எங்க தப்பு மேடம்."

என் தப்பு என்றும் சொல்லவில்லை, அவள் தப்பு என்றும் சொல்லவில்லை. அதற்காக அவனை நான் இன்றும் மதிக்கிறேன். மேனேஜர் அதை மதிக்கவில்லை. அந்த மாதத்தோடு அவனை நிறுத்திவிட்டார்கள்.

பெருமாளின் கருமாதி அன்று குணாவும் தேவியும் அந்த வீட்டுக்குப் போய் மகளிடம் நடந்ததைச் சொன்னார்களாம். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். தேவிதான் என்னிடம் சொன்னாள்.

5. இந்த மேசையில் உட்காரப் போகிறவர்களுக்கு

சார்ஜ் ஏறவில்லை என்று எந்தச் செட்டு வந்தாலும் சாக்கெட், ஸ்பிரிங், ஒயர், வாய், அப்புறம் பேட்டரி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். நான் அன்றைக்கு வாயைக் கடைசிக்கு விட்டது பேட்டரி உப்பியிருக்கும் என்ற நினைப்பில். அப்படி ஒரு நினைப்பு முந்திக்கொண்டு வரக்கூடாது. ஆயுத பூஜை கழிந்த நாட்கள் என்றால் முதலில் பொட்டு எங்கே வைத்தீர்கள் என்று கேளுங்கள். யார் வைத்தது என்று கேட்காதீர்கள்.

எங்கள் கடையில் இப்போது பூஜைக்கு முன்னால் ஒயர் செருகும் வாய் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டிவிடுகிறேன். மணி கேலி செய்வதில்லை.

குணா இப்போது சுங்கை ஊடாங் பக்கம் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறான். அடுத்த ஆயுத பூஜைக்கு தேவி அவனுடைய வேலைத்தள ஹெல்மெட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள். வீட்டில் பொட்டு வைக்க மனம் வரவில்லை என்றாள்.

"எங்க வைக்கணும்னு நீங்க காட்டுங்க பெரியம்மா."

"ஹெல்மெட்டுக்கு வாயும் இல்ல, கரண்டும் இல்ல. எங்க வேணா வைம்மா. ஒண்ணும் ஆகாது."

தலையாட்டினாள். கிண்ணத்திலிருந்து விரலில் சந்தனத்தைத் தொட்டு எடுத்தாள். ஹெல்மெட்டை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள், கவிழ்த்து உள்ளேயும் பார்த்தாள். மணி கற்பூரம் காட்டி முடித்து, எல்லோரும் விபூதி எடுத்துக்கொண்ட பிறகும் அவள் அப்படியே நின்றாள். சந்தனம் அவள் விரலிலேயே காய்ந்துவிட்டது.