நடுக் கண்ணாடி

என் அம்மாவின் தம்பி கொத்தனார். தெருவில் பாதி வீட்டுச் சுவர் அவர் பூசியது. சொந்த வீடு மட்டும் வெறும் செங்கல். கேட்டால், "காத்தோட்டமா இருக்குடி" என்பார்.

எங்கள் தேவாலயத்துக்கு இருநூறு வயது. வடக்குச் சுவர் மழையில் உதிர ஆரம்பித்ததும், காப்பாற்றியே தீருவது என்று ஒரு குழு கிளம்பியது. தையல்காரர் தலைவர். பேச நாற்பது பேர், வேலை தெரிந்தவர் மாமா ஒருவர். ஆறு ஞாயிற்றுக்கிழமை, கூலி வாங்காமல், சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசினார். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு வழவழப்பு. எல்லோரும் கை தட்டினார்கள். விசில் அடித்தது நான்.

அந்தப் பூச்சுதான் தப்பு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தால் வெளியே விடும். மாமா அதன் வாயை அடைத்துவிட்டார். இரண்டு மழைக்காலம் ஈரம் உள்ளேயே தங்கி, சாந்து சேறாகிவிட்டது. பிறகு மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல்.

பார்க்க வந்த பொறியாளர் அம்மா, "யாருங்க இதுல சிமெண்ட் பூசினது?" என்றதும், குழுவில் எல்லோருக்கும் செருப்பைக் குனிந்து பார்க்கும் வேலை வந்துவிட்டது. மாமா மட்டும் வகுப்பில் தூக்குவது போலக் கை தூக்கினார்.

பொறியாளர் விரிசலின் குறுக்கே மூன்று கண்ணாடித் துண்டுகளை ஒட்ட வைத்தார். "இது உடைஞ்சா சுவர் நகருதுன்னு அர்த்தம். அன்னிக்கே தேவாலயத்தப் பூட்டிரணும். மூணு மாசம் தாங்கினா பழுது பார்க்கலாம்."

பூட்டினால் இடித்துவிடுவார்கள் என்று குழுவுக்குப் பயம். மாமா தினமும் வேலைக்குப் போகும் வழியில் கண்ணாடிகளைப் பார்த்துவிட்டுத்தான் போவார். அவருக்குச் சோறு இறங்கவில்லை. "உங்க மூஞ்சியப் பாத்து பயந்தே அது உடையப்போகுது மாமா" என்றேன். சிரிக்கவில்லை.

எண்பத்தோராம் நாள் காலை நடுக் கண்ணாடி உடைந்திருந்தது. மறுநாள் அங்கே தையல்காரர் மகளுக்குக் கல்யாணம்.

குழு ஓடி வந்தது. தையல்காரரின் கண் சுற்றிச் சுற்றி என்மேல் வந்து நின்றது.

"இந்த வாலுதான் கல்லெறிஞ்சிருக்கும். என் செருப்ப மணிக்கயித்துல கட்டினவதானே!"

செருப்பைக் கட்டியது நான்தான். கண்ணாடியைத் தொடவில்லை. ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

"ஆமா. நான்தான் உடைச்சேன்" என்றேன்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. "அப்பாடா! வேற ஒண்ணு ஒட்டு தம்பி."

மாமா ஏணியில் ஏறி, கண்ணாடியை விரலால் தடவினார். "கல்லு பட்டிருந்தா நொறுங்கியிருக்கும். இது ஒரே கோடா பிளந்து, ஒரு பாதி கீழ இறங்கியிருக்கு. பொய் சொல்றியாடி?"

"சும்மா இருங்க மாமா!"

"ஒரே ஒரு நாள் தம்பி" என்று தையல்காரர் கெஞ்சினார். "யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேண்ணே. ஒரு தடவ பூசி மறைச்சது போதும்."

ஏணியில் நின்றபடியே பொறியாளருக்குப் போன் போட்டார்.

மாலையில் பூட்டு விழுந்தது. கல்யாணம் பள்ளிக்கூடக் கொட்டகையில் நடந்தது. மாமாவுக்கு அழைப்பு இல்லை. அதன்பின் தெருவில் வேலையும் இல்லை. "சுவரக் கெடுத்தான், அப்புறம் காட்டியும் கொடுத்தான்" என்று அவர் காதுபடவே பேசினார்கள்.

பூட்டிய பதினாறாம் நாள் மழையில், காலை பதினொரு மணிக்கு, வடக்குச் சுவர் உள்பக்கமாக விழுந்தது. நாலு வரிசை பெஞ்சுகள் தூள். ஆள் யாரும் இல்லை. தையல்காரர் வந்து, மகள் நின்றிருக்க வேண்டிய இடத்தில் கிடந்த கற்குவியலை நெடுநேரம் பார்த்தார். பிறகு மாமாவைத் தாண்டிப் போய்விட்டார்.

அதே கற்களால், சுண்ணாம்பில் திரும்பக் கட்டலாம் என்கிறார் பொறியாளர். அனுமதி இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். மாமா கற்களில் ஒட்டிய சிமெண்டைக் கொத்திக் கொத்தி எடுத்து, எண் எழுதி அடுக்குகிறார். பகலெல்லாம் தூசி, ராத்திரியெல்லாம் இருமல்.

காப்பாற்றும் குழுவில் இப்போது நாங்கள் இரண்டு பேர். நேற்று நானூற்றுப் பன்னிரண்டாம் கல்லுக்கு மாமாவின் மீசையை வரைந்துவைத்தேன். பார்த்தார். அழிக்காமல் எடுத்து அடுக்கினார்.