நூறு நோர்வேக்கு எத்தனை?

“கலியாணம் எப்ப நடந்தது, தங்கச்சி?”

“பத்து வருசத்துக்கு முந்தி, அண்ணை. ரெண்டாயிரத்துப் பதினைஞ்சு ஆவணி.”

“ஆவணியே. அப்ப நூறு நோர்வேக்கு எண்பத்தொரு டென்மார்க். கொஞ்சம் இறங்கியிருந்த நேரம்,” என்று சொல்லிவிட்டு அரியரத்தினம் கேக்கைக் கடித்தார். மொன்றியலின் லாசாலில் உள்ள பாண் சுடும் தொழிற்சாலையின் சாப்பாட்டறையில், கலியாண நாளுக்குக் கேக் கொண்டுவந்திருந்த அஜந்தாவுக்கு இது வாழ்த்தா அனுதாபமா என்று விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுடைய கலியாணங்களுக்கும் அவர் விலை சொல்லி முடித்திருந்தார்.

மற்றவர்கள் ஒருவர் பிறந்த தேதியைக் கேட்டால் நட்சத்திரம் பார்ப்பார்கள். அரியரத்தினம் குரோன் காசின் விலை பார்ப்பார். நோர்வேக்கு ஒரு குரோன், டென்மார்க்குக்கு ஒரு குரோன். இரண்டுக்கும் இடையே எந்த ஆண்டு எது எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் கையில் ஒரு குரோன்கூட இல்லை. கனடா டொலர் எத்தனை போகிறது என்று கேட்டால், “அதை ஆர் பாத்தது,” என்பார். காலையில் பல் துலக்க முன்பே கைபேசியில் அன்றைய விலையைப் பார்த்தாக வேண்டும். பார்க்காத நாளில் மனுசன் தேத்தண்ணிக்குச் சீனி போடவும் மறந்துவிடுவார்.

இந்தப் பைத்தியத்துக்கு மூலகாரணம் அவருடைய மனைவி ஞானாம்பிகைதான். அந்தக் காலத்தில் அவர் நோர்வேயில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அவ டென்மார்க்கில் தமையன் வீட்டில் இருந்தா. கலியாணம் பேசியாயிற்று, விசாச் சிக்கலில் இழுபட்டது. அவர் லீவு கிடைத்த போதெல்லாம் ஒஸ்லோவில் கப்பல் ஏறிக் கொப்பன்ஹேகனில் இறங்குவார். துறைமுகத்தில் காசு மாற்றும் கண்ணாடிக் கூண்டில் அன்று என்ன விலை எழுதியிருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அவர் இரண்டு நாள் நிற்பதும் மூன்று நாள் நிற்பதும். நோர்வே ஏறினால் ஞானத்தோடு இன்னொரு பின்னேரம். பிறகு கலியாணமாகி, மகள் பிறந்து, மொன்றியலுக்கு வந்து, வீடும் வாங்கியாயிற்று. பார்க்கிற பழக்கம் மட்டும் விட்டுப் போகவில்லை.

நாளடைவில் அது கட்சியாகவும் மாறியது. அவர் நோர்வேக் கட்சி. இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு முடிகிற நேரம் நோர்வே டென்மார்க்கை ஒரு தரம் முந்தியதை, தான் ஓடி முந்தியதுபோலச் சொல்லுவார். ஞானாம்பிகை சோறு வடித்துக்கொண்டே, “ஓம், ஓம்,” என்பா. அவ காதில் விழுந்ததா என்று அவருக்கும் தெரியாது.

இதெல்லாம் வீட்டுக்குள் இருந்தவரை சோலியில்லை. போன வருசம் மகள் பிரஷாந்தினிக்கு ஒரு சம்பந்தம் பேச வந்தார்கள், இல்-பிசாரிலிருந்து. மாப்பிள்ளையின் தகப்பன் தங்கள் கலியாண ஆண்டைச் சொல்ல, இவர் குரோன் விலையைச் சொன்னார். மாப்பிள்ளையின் தம்பி பிறந்த ஆண்டுக்கும் சொன்னார். சீதனத்தைத்தான் மனுசன் சுற்றி வளைத்துக் கேட்கிறார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு தொலைபேசிகூட எடுக்கவில்லை. பிரஷாந்தினிக்கு அந்தப் பையனில் பெரிய பிடிப்பு இல்லாதபடியால் வீடு தப்பியது.

இந்த முறை அப்படியல்ல. லொங்குய்யில் இருக்கும் வினோஜனை அவளே விரும்பியிருந்தாள். தாய் தகப்பனோடு ஞாயிற்றுக்கிழமை அவன் வரவிருந்தான். முதல் நாள் அவள் தகப்பனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“அப்பா, எனக்கு இவர்தான் வேணும். நாளைக்கு ஒருநாள் குரோன் கதையாதேங்கோ. பிளீஸ்.”

“நான் வாயே திறக்கேல்லை, பிள்ளை.”

சொன்னபடியே செய்தார். வந்தவர்களுக்குப் “பொன்ஜூர்” என்றதோடு சரி. வினோஜனின் தகப்பன் கனகேஸ்வரன் பேச்சுக்காரர். அவர்களும் முன்பு டென்மார்க்கில் இருந்தவர்களாம். அரியரத்தினத்தின் காது விடைத்தது. கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

“ரெண்டாயிரத்து எட்டு மார்கழி, நத்தார் பண்டிகைக்கு ஒஸ்லோ போனனாங்கள்,” என்றார் கனகேஸ்வரன். “இவ அங்கை ஒரு கம்பளிக் கோட்டு வாங்கினா. அநியாய விலை. அப்ப ரெண்டு குரோனும் சரிக்குச் சரிதானே, ஒரு சதமும் மிச்சமில்லை.”

வினோஜனின் தாய் தலையைக் குனிந்தா. இது அந்த வீட்டில் அடிக்கடி ஓடுகிற பழைய வழக்கு என்பது பார்த்தாலே தெரிந்தது.

அரியரத்தினத்துக்குச் சரியான விலை நாக்கு நுனியில் வந்து நின்றது. முகம் கறுத்துச் சிவந்தது. பிரஷாந்தினி கண்ணாலேயே கும்பிட்டாள். பாவம், பிழையான விலையை மாத்திரை போல விழுங்கிக்கொண்டு அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“இல்லை அண்ணை,” என்றது ஒரு குரல். ஞானாம்பிகை. தேத்தண்ணி ஊற்றிய கை நிற்கவில்லை. “அந்த நத்தாருக்கு நோர்வே படுத்திட்டுது. நூறுக்கு எண்பது டென்மார்க்கும் வரேல்லை. அக்கா நல்லா மலிவாத்தான் வாங்கியிருக்கிறா.”

பிரஷாந்தினி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

வினோஜனின் தாய் மெல்ல நிமிர்ந்தா. “கேட்டீங்களே,” என்று புருசனைப் பார்த்தா. “இவ்வளவு காலமும் என்னை என்ன சொல்லிப் பேசினீங்கள்?” கனகேஸ்வரன் தலையைச் சொறிந்தார். அவ கதிரையை இழுத்து ஞானாம்பிகையின் பக்கத்தில் போட்டுக்கொண்டா. “தங்கச்சி, வைகாசியிலை கலியாணத்துக்கு ஒரு நாள் பாப்பமே? பிந்தினா மண்டபம் கிடையாது.”

பிரஷாந்தினி விரலிடுக்கால் எட்டிப் பார்த்தாள். எல்லாரும் ஒரே நேரத்தில் மண்டபம், ஐயர், சாப்பாடு என்று கதைக்கத் தொடங்கினார்கள்.

அரியரத்தினம் அப்போதும் வாய் திறக்கவில்லை. மனைவியை இன்றுதான் முதல்முறை காண்பவர்போல ஒரு கணம் பார்த்தார். பிறகு தன் தட்டில் இருந்த மீன் ரோலை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை அவவின் தட்டில் வைத்தார்.