களத்து விளக்குகள் அணைந்தபோது

கொல்லிமலையில் மிளகு காயும் காலம். பொழுது சாய்ந்ததும் மிளகைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுகிறார்கள். காவலுக்கு எல்லாக் களத்திலும் பல்பு எரிகிறது. அந்த வெளிச்சத்தில், இரவு வானத்தைப் படம் பிடிக்க வந்த என் கேமராவில் வானம் வெளுத்தே விழுகிறது. நேற்றும் தோல்வி, எரிச்சலாக வருகிறது.

களத்துக்காரர் செல்லம்மாக்கா என் தொலைநோக்கியில் ஓரியன் நெபுலா என்னும் விண்மேகத்தைப் பார்க்கிறார்.

"ஏனுங்க, செவப்புன்னீங்க? பஞ்சாட்டம் சாம்பலாத்தானுங்க இருக்குது?"

"கண்ணுக்கு அந்த வெளிச்சம் பத்தாதுக்கா. கேமரா பொறுமையா சேத்து வெச்சுக்கும்."

"உள்ள என்னங்க எரியுது?"

கீழே கொண்டை ஊசி வளைவில் பஸ் ஏறி வருகிறது. பஸ் தெரியவில்லை, அதன் விளக்கில் மூடுபனி மட்டும் ஒளிர்கிறது. அதைக் காட்டுகிறேன்.

"அந்த மாதிரிதான்க்கா. அங்க பனிக்குப் பதிலா வாயு. உள்ள புதுசாப் பொறந்த நட்சத்திரங்க."

வளைவையும் வானத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். சட்டென்று தன் பல்பை அணைக்கிறார். சரிவைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்: "எல்லாரும் லைட்ட அமத்துங்க! நட்சத்திரம் பொறக்கற எடத்தப் படம் புடிக்கிறாங்க!"

களம் களமாக இருள்கிறது. அக்கா மிளகுக் குவியல் மேலேயே காவலுக்கு உட்கார்ந்துகொள்கிறார். சற்று நேரத்தில் கேமராத் திரையில் ரோஜாச் சிவப்பு விரிகிறது. அவர் பக்கம் திருப்புகிறேன்.

"செவந்துருச்சுங்கோ!" என்று அவர் போடும் சத்தத்துக்கு, இருட்டிலிருந்து சரிவு முழுக்க விசில் பறக்கிறது.