பின்வரிசை அறுபது கல்

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது எங்கள் கறுப்புக் கோழி. அது வெள்ளையாக இருந்தது.

நேரத்தில் தவறு இருக்காது. மாமா வாங்கித் தந்த பச்சை வார் கைக்கடிகாரம் அப்போது என்னிடம் இருந்தது. எதைப் பார்த்தாலும் உடனே மணியையும் பார்த்துக்கொள்வேன். எனக்கு ஒன்பது வயது. கோடை விடுமுறை தொடங்கி இரண்டாவது நாள்.

கோழிக்குப் பின்னால் முருங்கை மரமும் வெள்ளை. அதன் அடியில் அம்மா கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களும் வெள்ளை. வாசல் நடுவே என்னைப்போல இரண்டு மடங்கு உயரத்துக்கு ஒரு தூசிக் குவியல். அப்பா டிப்பரின் பின்கதவை மூடிக்கொண்டிருந்தார். அத்தை மூக்கில் துண்டு கட்டி, கையில் மண்வெட்டியோடு நின்றிருந்தாள்.

“இம்புட்டு போதுமா தாயி?” என்றார் அப்பா.

“இன்னும் ரெண்டு லோடு வரட்டும்ணே.”

“உலை கொதிச்சுக்கிட்டு இருக்கு. செத்த நேரம் பொறுத்துக் கொட்டுனா ஆகாதா?” என்றாள் அம்மா, இருவரில் யாருக்கு என்று தெரியாதபடி.

எங்கள் ஊர் திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் சாலையில் இருக்கிறது. ஊருக்கு மேற்கே கல்குவாரி, அதை ஒட்டிக் கிரஷர். அப்பா அங்கே டிப்பர் ஓட்டினார். பாறையை உடைத்தால் ஜல்லி கிடைக்கும். ஜல்லி லாரியில் போய்விடும். சலித்த பிறகு மிஞ்சும் தூசி அங்கேயே கிடக்கும். பல வருடத் தூசி சேர்ந்து, கிரஷருக்குப் பின்னால் ஒரு மேடாகியிருந்தது. மேல்காற்று அடித்தால் அந்த மேடு ஊருக்குள் வரும். காயப்போட்ட துணியில், சோளத்தட்டையில், சோற்றில். தட்டையை உதறிப் போட்டால்தான் மாடு வாய் வைக்கும். மேட்டை அகற்றச் சொல்லி அதிகாரிகள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று முதலாளிக்குத் தெரியவில்லை. என் அத்தை அதைக் கேட்டபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டதாக அப்பா சொல்வார்.

அத்தை அப்பாவின் தங்கை. நிலக்கோட்டைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். தை மாதம் ஒரு பையோடு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. கேட்டதற்குக் கதவில் மாட்டிக்கொண்டது என்றாள். சிமெண்டு பூசும் கரணையை மற்ற நான்கு விரல்களால்தான் பிடிப்பாள்.

ஆற்று மணல் லாரிகள் வருவது குறைந்து, வீடு கட்டுகிறவர்கள் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. மணலுக்குப் பதில் கிரஷர் தூசியைப் போட்டுச் சிமெண்டுக் கல் அடிக்கலாம் என்று அத்தை எங்கேயோ பார்த்து வைத்திருந்தாள். பழைய கை அச்சு ஒன்று இரவல் கிடைத்தது. முதல் ஈடு இருபது கல்லும் மூன்றாம் நாள் பொரிந்து உதிர்ந்தன. எதிர்வீட்டுக்காரி ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “ஏ புள்ள, பிஸ்கோத்துக் கம்பெனியா வச்சிருக்க? டீயில முக்கித் திங்கலாம் போல” என்றாள்.

“ரெண்டு எடுத்துட்டுப் போக்கா. சாயங்காலத்துக்கு ஆகும்” என்றாள் அத்தை.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வாரம் ஆனது. தூசியில் இரண்டு வகை. விரலில் நெருநெருவென்று உரசுவது ஒன்று. முகப்பவுடர் போல ஒட்டுவது மற்றொன்று. பவுடர் அதிகமானால் கல் பிளக்கும். அன்றிலிருந்து சலித்து எடுத்தாள். நெருநெருப்பானது அச்சுக்கு. பவுடரை நனைத்து வேலியோரம் கரையாகப் போட்டு, மேலே கண்மாய் வண்டலைப் பரப்பி ஆவாரை விதைத்தாள். தூசியை நனைக்காமல் யாரும் மண்வெட்டி போடக்கூடாது என்று சட்டம் வைத்தாள். எங்கள் கோழி மறுபடியும் கறுப்பானது.

கல் அடிப்பதைவிட அதை நீராற்றுவதுதான் வேலை. அச்சிலிருந்து எடுத்த மறுநாள் தொடங்கிப் பதினான்கு நாள், ஒரு நாளைக்கு மூன்று முறை, அடுக்கின் மேல் சாக்கைப் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு வேளை தவறினாலும் கல் உள்ளுக்குள் வெந்து பொக்காகிவிடும். தண்ணீருக்குக் கைவிட்ட குவாரிப் பள்ளம் இருந்தது. அப்பா டிரம்மில் கொண்டுவந்து வைப்பார். ஊற்றும் வேலை என்னுடையது. கடிகாரம் வைத்திருப்பவளுக்கு ஏற்ற வேலை என்றாள் அத்தை. காலை ஏழு, மத்தியானம் பன்னிரண்டு, மாலை நான்கு.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தையின் வீட்டுக்காரர். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். பைக்கின் முன்னால் உட்காரவைத்து ஹாரன் அடிக்க விடுவார். வரும்போதெல்லாம் வாழையிலையில் கட்டிய மல்லிகைப்பூ கொண்டுவருவார். என் வகுப்புத் தோழிகளின் பெயர்கள் அவருக்குத் தெரியும். எங்கள் தெருவில் எந்த பைக் சத்தம் கேட்டாலும் அத்தையின் கை நின்றுவிடும், உள்ளறைக்குப் போய்விடுவாள். புதுப்பெண் வெட்கம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது.

விடுமுறையின் மூன்றாவது வாரத்தில் அவர் என்னைச் சாலையோரப் பெட்டிக்கடையில் பிடித்துக்கொண்டார். பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

“உங்க அத்தை என்ன பண்ணுது பாப்பா?”

“கல்லு அடிக்குது மாமா. பஞ்சாயத்துல அங்கன்வாடிக்குச் சுத்துச்சுவர் கட்டப் போறாக. ஓவர்சியர் வந்து பாத்து எடுத்துக்கிருவாராம்.”

“பாத்து வேணாம்னுட்டா?”

அதற்கும் எனக்குப் பதில் தெரியும். முந்தின நாள்தான் அப்பா கேட்டிருந்தார். “ஊரு ஒரு மாதிரி பேசுது. மாப்ள வீட்லயும் ஆள் மேல ஆள் விடுறாக. நீ என்னதான் சொல்ற தாயி?” அத்தை தூசியைச் சலித்துக்கொண்டே சொன்னாள்: “ஓவர்சியர் இந்தக் கல்ல வேணாம்னுட்டா நானே பஸ் ஏறிர்றேண்ணே. எடுத்துக்கிட்டாருன்னா என்னைய யாரும் போகச் சொல்லக் கூடாது.” அப்பா சரி என்றார். அம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

இதை அப்படியே மாமாவிடம் ஒப்பித்தேன். அவர் சிரித்தார். “தூசில அடிச்ச கல்லு எங்கிட்டு நிக்கப் போகுது? அவ வந்துறட்டும். ஒன்னையக் கூட்டிக்கிட்டு மூணு பேரும் வைகை டேம் போறோம். படகு இருக்கு, தெரியும்ல?”

படகு இருப்பது எனக்குத் தெரியாது.

என்ன செய்யச் சொன்னார் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் எதுவும் செய்யச் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன்.

முன்வரிசை அடுக்குகளுக்கு ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினேன். சுவரோரம் புதிதாக ஏறிய பின்வரிசையில் அறுபது கல். அதற்குச் சாக்கின் முன்விளிம்பை மட்டும் நனைப்பேன். ஒரு குவளையைத் தரையில் சிந்துவேன், மண் ஈரமாகத் தெரிவதற்காக. கல்லுக்கு ஒரு சொட்டுப் போகாது. அதைச் செய்யும்போது பயமாக இல்லை. எல்லோருக்கும் நல்லது செய்கிற ஒருத்தியைப் போல, மணி பார்த்துச் செய்தேன். ஒன்பது நாள்.

ஓவர்சியர் ஒரு வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ஸ்கூட்டரில் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். அப்பா அன்று வண்டிக்குப் போகவில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு கல்லை ஓவர்சியரே எடுத்தார். நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக் கையை விட்டார். தொப்பென்று விழுந்தது. புரட்டிப் பார்த்தார். மூலைகூட உதிரவில்லை. இன்னொன்று. அதுவும் அப்படியே. அப்பாவின் முகத்தில் பல் தெரிந்தது.

“பின்னாடி இருக்கிறது?”

அத்தை முந்திக்கொண்டு போய்ச் சாக்கை விலக்கினாள். விலக்கியதும் நின்றாள். மற்ற கற்கள் கருஞ்சாம்பல் நிறம், இவை வெளுத்திருந்தன. கரணையின் பிடியால் ஒரு கல்லைத் தட்டினாள். முன்வரிசைக் கல்லைத் தட்டினால் வெண்கலக் கிண்ணம் போலக் கணீரென்னும். இது காய்ந்த சுரைக்குடுக்கை போல ஒலித்தது. அடுத்ததைத் தட்டினாள். அதுவும் அப்படியே. பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு முறைதான். நான் மணி பார்த்தேன். பத்து நாற்பத்திரண்டு.

சாக்கை மறுபடி இழுத்து மூடிவிட்டு, வேறு அடுக்கைக் காட்டியிருக்கலாம். ஓவர்சியர் இன்னும் பக்கத்தில் வரவில்லை.

“இது நிக்காது சார்” என்றாள் அத்தை. தூக்கிக் கீழே விட்டாள். நான்கு துண்டானது.

அப்பா தரையைப் பார்த்தார். ஓவர்சியர் குனிந்து ஒரு துண்டை எடுத்து விரலால் சுரண்டினார். மாவாக உதிர்ந்தது.

“ஏம்மா, முன்னாடி அடுக்கு இரும்பா இருக்கு. இது மட்டும் ஏன் இப்பிடி?”

“தண்ணி பத்தல சார்.”

“யாரு தண்ணி ஊத்துறது?”

நான் டிரம்முக்குப் பின்னால் நகர்ந்தேன்.

“நாந்தேன் சார். ஏம் பெசகு” என்றாள் அத்தை.

“எத்தனை இருக்கு?”

“அறுபது. அறுபதையும் உடைச்சுருவேன். ஒண்ணுகூட வெளிய போகாது.”

“உடைச்சு? எங்க கொண்டுபோய்க் கொட்டுவ?”

“எதுக்குக் கொட்டணும்? நொறுக்கிச் சலிச்சு அடுத்த கலவையில கொஞ்சங் கொஞ்சமாச் சேத்துக்கிருவேன். வேணாமுன்னு போட்டதுல இருந்து அடிச்ச கல்லு சார் இது. திரும்பவும் வேணாமுன்னு போட மாட்டேன்.”

ஓவர்சியர் கையிலிருந்த துண்டைக் கீழே போட்டார். பிறகு சம்மட்டி கொண்டுவரச் சொன்னார். முதல் பத்துக் கற்கள் உடைவதை நின்று பார்த்தார். கையைத் தட்டிக்கொண்டார்.

“நான் பாத்த எடத்துல எல்லாம் ஒடைஞ்ச கல்லத்தான் ஒளிச்சு வைப்பாக” என்று அப்பாவிடம் சொன்னார். “முன்வரிசை முழுசும் எடுத்துக்கிறேன். மிச்சத்துக்குப் பதினஞ்சு நாள் கழிச்சு வாரேன். தண்ணியக் கவனிக்கச் சொல்லுங்க.”

அன்று மாலை அத்தை என்னைக் கூப்பிட்டாள். மீதமிருந்த கற்களின் நடுவே உட்கார்ந்திருந்தாள். என்னிடம் ஒரு சின்னச் சுத்தியலைக் கொடுத்தாள்.

“எத்தன நாளா ஊத்தல?”

“ஒம்போது.”

“ம். நெறைய வெயிலு குடிச்சிருக்கு. ஒடை. கண்ணுல தெறிக்காமப் பாத்து ஒடை.”

இருவரும் உடைத்தோம். அழுதுகொண்டே உடைத்தேன். என்னால் அவள் திட்டு வாங்குவாள் என்று நினைத்திருந்தேன். ஆனால் யாரும் யாரையும் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கடைசியில் நானே சொன்னேன். சோடா, படகு, வைகை டேம், எல்லாம்.

அத்தையின் சம்மட்டி நின்றது. தெருவைப் பார்த்தாள். தெருவில் ஒன்றும் இல்லை.

“மாமா நல்லவருதான அத்தே?” என்றேன்.

“ஆமா” என்றாள். பிறகு, “ஒனக்கு” என்றாள்.

முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். அது தூசி ஒட்டிய முந்தானை, மூக்கு எரிந்தது. அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கல் வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவாள், இன்னும் கொஞ்ச நாள்தான் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். பைக் சத்தம் கேட்டதும் நான் உள்ளறைக் கதவைத்தான் பார்த்தேன். அத்தை அதன் பக்கம் போகவில்லை. கையெல்லாம் கலவையோடு அச்சுக்கு முன்னால் நின்றாள். அம்மா அடுப்படியிலிருந்து வந்து அவளுக்குப் பக்கத்தில், தோள் உரசும்படி நின்றுகொண்டாள். அப்பா வாசலில் இருந்தார். மாமாவை உட்காரச் சொல்லவில்லை.

“ஒடைஞ்சு போச்சாமே? கெளம்பு” என்றார் மாமா.

“கல்லு நீராத்தணும்” என்றாள் அத்தை. “பதினாலு நாளு.”

“அப்பறம்?”

“அப்பறம் அடுத்த அடுக்கு.”

மாமா அப்பாவைப் பார்த்தார். “என்ன மச்சான், பேசாம நிக்கிறீக?”

“தங்கச்சிதான் சொல்லிருச்சுல்ல மாப்ள” என்றார் அப்பா.

பைக் கிளம்பியது. பூப்பொட்டலம் டேங்க் கவரிலேயே இருந்தது. நான் தெருமுனை வரை பின்னாலேயே ஓடினேன், மாமா, மாமா என்று கத்திக்கொண்டு. என் குரல் அவருக்குக் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன். படகில் போகும்போது உடுத்த வேண்டிய பாவாடையை அதற்குப் பிறகும் இரண்டு வாரம் மடித்துத் தனியாக வைத்திருந்தேன்.

அத்தை அதன் பிறகு ஒரே ஒரு முறைதான் நிலக்கோட்டைக்குப் போனாள். காலை எட்டு மணி பஸ்ஸில் போய், கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தாள்.