ஏரிக்குள் போன எல் போர்டு

டிரைவிங் ஸ்கூல் காரில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், மற்றது கற்றுக்கொடுப்பவர் காலடியில். இந்த இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தே பாதி ஆயுளைக் கழித்த ஒரு பெண்ணின் கதை இது. படிக்க வருகிறவர்களுக்கு அவர் டீச்சர். கணவன் வீட்டாருக்கு ஏரி அண்ணி. டீச்சர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். ஏரி அண்ணி என்றால் பல்லைக் கடிப்பார்.

அந்த வாரம் பழைய படங்களை மறுபடி ஓட்டும் தியேட்டர் ஒன்றில் ஒரு கறுப்பு வெள்ளைக் காமெடி வரவிருந்தது. புதிதாகக் கல்யாணமான ஜோடி ஓட்டைக் காரில் தேனிலவுக்குக் கிளம்பி, வழியெல்லாம் சொதப்பி, கடைசியில் கட்டிப்பிடித்துக்கொள்ளும் படம். கூட்டம் சேர்க்க எஃப்எம்மில் ஒரு போட்டி வைத்தார்கள். உங்கள் தேனிலவுப் பயணம் எவ்வளவு மோசம்? சிறந்த கதைக்கு இரண்டு டிக்கெட், முதல் நாள் மேடையில் மைக்.

டீச்சர் ஸ்கூல் அலுவலகத்தில் அடுத்த மாணவிக்காகக் காத்திருந்தார். வரவேற்பில் இருந்த பெண் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள்.

"டீச்சர், இது உங்க வீட்டுக்காரர் குரல் மாதிரி இல்ல?"

அவர் குரலேதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாடிக்கையாளர் முகத்துக்கு எந்த ஃபிரேம் பொருந்தும் என்று நயமாகப் பேசி விற்கும் அதே குரல்.

"என் சம்சாரம் டிரைவிங் டீச்சர்ங்க. ஊருக்கே கார் ஓட்டக் கத்துக்கொடுக்கிறவங்க. தேனிலவுக்குப் போன இடத்துல காரை நேரா ஏரிக்குள்ள விட்டுட்டாங்க. தலைல எல் போர்டு வேற. கார் முழுகிடுச்சு, எல் போர்டு மட்டும் தண்ணிக்கு மேல தெரியுது. ஒரு கொக்கு வந்து அதுல உட்காந்துச்சு."

அறிவிப்பாளர் சிரித்துச் சிரித்து விக்கலில் வந்து நின்றார். டிக்கெட் அங்கேயே முடிவாகிவிட்டது. ஜோடியின் பேரையும் ரேடியோவில் சொன்னார்கள். வரவேற்பில் இருந்த பெண்ணும் சிரித்துவிட்டு, டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் ஸ்டேப்ளரைத் தேட ஆரம்பித்தாள்.

மதியம் பஸ் டிப்போவிலிருந்து போன் வந்தது. டிப்போவில் முதல் முறையாகப் பெண்களை ஓட்டுநர்களாக எடுத்திருந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வேண்டும். டீச்சர் பெரிய வண்டி உரிமம் எடுத்ததே இப்படி ஒரு வேலை என்றாவது வரும் என்றுதான். நேர்காணல் முடிந்துவிட்டது. டிப்போ மைதானத்தில் பஸ்ஸை ஓட்டிக்காட்டுவது மட்டும் பாக்கி.

"ரேடியோல வந்தது உங்க கதையா?" என்று கேட்டார் பயிற்சி அதிகாரி. அவரும் பெண். வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"என் வீட்டுக்காரர் சொன்ன கதை மேடம்."

"அவர் சொன்னா உங்க கதைதானே. இங்க பாருங்க, இந்தப் பொண்ணுங்களை இப்பவே ஆம்பளை டிரைவருங்க கேலி பண்றாங்க. கத்துக்கொடுக்க வந்தவங்களே காரை ஏரில விட்டவங்கன்னா, நான் எப்படிம்மா சமாளிப்பேன்? ஓட்டிக்காட்டறதைத் தள்ளி வெச்சிருக்கேன். யோசிச்சுட்டுச் சொல்றேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று டீச்சருக்குத் தெரியும்.

இனி ஏரிக்கரையில் உண்மையில் நடந்தது. இதை அவர் மாமியாரிடம் சொல்லியிருக்கிறார், மச்சினனிடம் சொல்லியிருக்கிறார், நாத்தனார் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் சிரித்துவிட்டு, "கொக்கு கதைய சொல்லுங்க" என்பார்கள்.

கல்யாணத்துக்கு முன்பு கணவர் அவரிடம் கார் கற்றுக்கொள்ள வந்தவர். பேச்சில் கெட்டிக்காரர், ஸ்டியரிங்கில் சுமார். முன்னால் மாடு வந்தாலும் பஸ் வந்தாலும் அவருடைய கால் அசையாது. டீச்சர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்துவார். வண்டி நின்றதும் இவர் பெருமையாக, "பாத்தீங்களா, நிறுத்திட்டேன்" என்பார். உரிமத் தேர்வுக்கு முன்பே கல்யாணம் நிச்சயமானது. பாடம் அதோடு நின்றது.

தேனிலவுக்கு ஸ்கூல் முதலாளி காரைக் கொடுத்தார். கூரை மேல் இருந்த எல் போர்டின் திருகு துருப்பிடித்துக் கழற்ற வரவில்லை. அப்படியே கிளம்பினார்கள். வழியில் லாரிகள் ஒதுங்கிப் போயின. பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தே காதைக் கிழித்தார்கள். ஒரு விடுதியில், "வகுப்பெல்லாம் வெளியில வெச்சுக்குங்க" என்று அறை தர மறுத்தார்கள். மழை பெய்ததும் கூரை ஒழுகி, கணவர் மடியில் பிளாஸ்டிக் வாளியோடு உட்கார்ந்து வந்தார். இருவரும் சிரித்துக்கொண்டேதான் போனார்கள். அதையும் டீச்சர் மறைப்பதில்லை. "அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்பார்.

ஏரிக்கரையில் சரிவான இடம். டீச்சர் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, பின்னால் இடம் இருக்கிறதா என்று பார்க்க இறங்கினார். புது மனைவியை அசத்த வேண்டும் என்று கணவருக்கு ஆசை. ஸ்டியரிங் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து கைப்பிரேக்கை விடுவித்தார். கார் சரிவில் உருண்டது. காலடியில் பிரேக் இருந்தது. கால் அதைத் தேடவே இல்லை. கால் என்றைக்கும் தேடியதில்லை. மனிதர் பக்கத்தில் இருந்த காலி சீட்டைத் திரும்பிப் பார்த்து, "பிரேக் போடு, பிரேக் போடு" என்று கத்தினார். டீச்சர் கரையில் நின்று அதைக் கேட்டார். ஓடிப்போய்க் கதவைப் பிடிப்பதற்குள் கார் தண்ணீரில் இருந்தது.

ஜன்னல் வழியாக ஏறி வந்தவர் நடுங்கிக்கொண்டு நின்றார். ஏரிக் காவலாளி ஓடி வந்து, "யார் ஓட்டினது?" என்று கேட்டார். உரிமம் இல்லாத மாப்பிள்ளை தயங்கவே இல்லை. மனைவியைக் காட்டினார்.

"இவங்கதான். டிரைவிங் டீச்சர்."

டீச்சர் மறுக்கவில்லை. நனைந்த கணவன், வெளியூர், கேஸ் என்றால் என்ன ஆகுமோ என்ற பயம். அந்த ஒரு நாளோடு போகும் என்று நினைத்தார். அந்தப் பொய் வீட்டுக்கு வந்து, கல்யாண வீடு, காதுகுத்து வீடு என்று சுற்றி, வேலை பார்த்த ஸ்கூலுக்கும் போனது. முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். வேறு ஸ்கூலில் போய் கடைசி ஆளாகச் சேர்ந்து மறுபடி ஏறி வந்தார். கணவருக்கு அந்தக் கதையால் எந்த நஷ்டமும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் அதற்கு ஒரு கொக்கோ தவளையோ கூடியது.

ரேடியோவில் கதை வந்த அன்று மாலை கணவர் டிக்கெட்டுகளை விசிறி போல விரித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்.

"கேட்டியா? நம்மளதுதான் முதல் பரிசு."

"கேட்டேங்க." கோபம் ஏற ஏற டீச்சரின் மரியாதையும் ஏறும். "டிப்போவுலயும் கேட்டாங்களாம். வேலை போச்சுங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நான் சும்மா ஜோக்குக்குத்தான்…"

"யாரோட ஜோக்குங்க அது?"

"சரி, நாளைக்கே டிப்போவுக்கு வந்து அந்தம்மாகிட்ட மெதுவா சொல்லிடறேன். நமக்குள்ள முடிச்சுக்கலாம்."

"ஊருக்கே கேக்கற மாதிரி பொய் சொல்லுவீங்க. உண்மைய மட்டும் ஒருத்தங்க காதுல மெதுவா சொல்லுவீங்களா?"

"பின்ன என்ன பண்ணச் சொல்ற?"

"மேடையில மைக் தர்றாங்கல்ல. அதுல சொல்லுங்க."

"எல்லாரும் சிரிப்பாங்கம்மா."

டீச்சர் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைக் கழுவினார். கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினார். மச்சினன் போன் செய்து, "அண்ணி, இப்ப நீங்க பிரபலம்" என்றான். "உங்க அண்ணன் வெள்ளிக்கிழமை இன்னும் பிரபலமாவார், வந்து பாரு" என்று சொல்லி வைத்தார்.

வெள்ளிக்கிழமை தியேட்டர் நிறைந்திருந்தது. மாமியார், மச்சினன், அவன் மனைவி எல்லோரும் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எஃப்எம் நேரலையில் அறிவிப்பாளர் ஜோடியை மேடைக்குக் கூப்பிட்டார்.

"சார், அந்தக் கொக்கைப் பத்திச் சொல்லுங்க."

கூட்டம் இப்போதே சிரிக்கத் தயாராக இருந்தது. கணவர் மைக்கை வாங்கினார். பழக்கம் நாக்கைத் தள்ளியது. "என் சம்சாரம் டிரைவிங் டீச்சர்ங்க…" என்று ஆரம்பித்தார். டீச்சர் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். முறைக்கக்கூட இல்லை. வண்டியில் மாணவன் தப்பான கியரைப் போடும்போது, அவனாகத் திருத்திக்கொள்கிறானா என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை.

அவர் நிறுத்தினார். தொண்டையைச் செருமினார்.

"கொக்கு வரலங்க. அது நான் சேத்தது. காரை ஓட்டினதும் அவங்க இல்ல, நான்தான். எனக்கு லைசென்ஸ் இல்ல, இன்னைக்கும் இல்ல. அவங்க காருக்குள்ளயே இல்ல. கரையில நின்னாங்க. நான் பக்கத்துல காலியா இருந்த சீட்டைப் பாத்து பிரேக் போடச் சொல்லிக் கத்தினேன்."

தியேட்டர் வெடித்தது. கொக்குக்குக் கிடைத்ததைவிடப் பெரிய சிரிப்பு. பின்வரிசையிலிருந்து யாரோ, "இப்பவும் பக்கத்துலதான் நிக்கறாங்க, பிரேக் போடச் சொல்லுங்க" என்றார். மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "இதை இத்தனை பேர் முன்னாடி சொல்லணுமா? புருஷன் பொண்டாட்டில யாரு ஓட்டினா என்ன?" என்று மருமகளைப் பார்த்துச் சொன்னார்.

"யாரு ஓட்டினாலும் ஒண்ணுதான்னா, முதல்லயே உங்க பையன் பேரைச் சொல்லியிருக்கலாமே அத்தை" என்றார் டீச்சர்.

கணவர் காது வரை சிவந்து வந்து உட்கார்ந்தார். விளக்கு அணைந்து படம் ஓடியது. பாதிப் படத்தில் டீச்சர் பக்கம் சாய்ந்தார்.

"எல்லாரும் என்னையே பாக்கற மாதிரி இருக்கு" என்றார் மெல்ல.

"ஆமாங்க. அப்படித்தான் இருக்கும்."

திரையில் காரின் சக்கரம் கழன்று கடைவீதியில் தனியே ஓட, கணவன் தலையில் கை வைத்து மனைவியைத் திட்ட, தியேட்டர் குலுங்கியது. டீச்சர் எழுந்து வெளியே போனார். கடைசியில் அவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்பது தெரியும். படம் அங்கே முடிந்துவிடும். அந்தப் பெண் ஊருக்குத் திரும்பி எத்தனை வீட்டில் உட்கார்ந்து சக்கரக் கதையைக் கேட்க வேண்டியிருந்தது என்பதை யாரும் படமாக எடுக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை கூப்பிடாமலேயே டிப்போவுக்குப் போனார். அதிகாரி மைதானத்தில் நின்று மெக்கானிக்கிடம் டயர்களை எண்ணச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரேடியோல கேட்டேன்" என்றார். "அப்போ நீங்க உள்ளயே இல்லையா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் ஏம்மா இத்தனை வருஷம் சும்மா இருந்தீங்க?"

தியேட்டரில் நின்றபோதுகூட வராத கோபம் அப்போது வந்தது.

"சும்மா இருக்கல மேடம். சொல்லிட்டேதான் இருந்தேன். அவர் கதை சிரிக்கிற மாதிரி இருந்துச்சு. என் கதை அப்படி இல்ல. யாரும் கேட்கல. அவர் வாயால வந்தப்பதான் உங்களுக்கும் கேட்டுச்சு."

அதிகாரி பக்கத்தில் நின்ற மெக்கானிக்கிடம் கையை நீட்டி, பஸ்ஸின் சாவியை வாங்கி டீச்சரிடம் கொடுத்தார். பயிற்சிக்கு வந்திருந்த பெண்கள் நிழலில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அப்பால் இரண்டு ஆண் ஓட்டுநர்கள் டீ டம்ளருடன் சுவரில் சாய்ந்திருந்தார்கள். ஒருவர் மற்றவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

டீச்சர் ஏறினார், கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். வரிசையாக வைத்திருந்த டிரம்களுக்கு நடுவே பஸ்ஸைப் பின்னோக்கியே எடுத்து, கடைசி டிரம்மைத் தொடாமல் வளைத்து, புறப்பட்ட கோட்டிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். சுவரோரம் சிரிப்பு நின்றிருந்தது. அதைக் கவனித்தார். கோபம் மட்டும் அப்படியே இருந்தது. அதோடேயே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வரிசையில் முதலில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டார்.

"வாம்மா. நீ ஸ்டியரிங்ல உட்காரு. நான் பக்கத்துல நிக்கறேன். நிறுத்த வேண்டிய இடத்துல நீதான் நிறுத்தணும்."